யானை தெரியுதா சார்?

அந்தப் பாறையில் யானை இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில், பென்னாகரம் பக்கத்துக் கரடு ஒன்றின் பாதி உயரத்தில் நிற்கவைத்துக் காட்டினார்கள். கூட வந்த இருபத்துச் சொச்சம் பேருக்கும் உடனே தெரிந்துவிட்டது. தும்பிக்கை, காது, சின்னக் கண் என்று உறுப்பு உறுப்பாகக் கண்டுபிடித்துப் பரவசப்பட்டார்கள். எனக்குத் தெரிந்தது பாறை. பெரிய பாறை. அதன் இடுக்கில் ஒரு சப்பாத்திக் கள்ளி. வழிகாட்டித் தம்பி விடுவதாக இல்லை. "சார், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்க." சுருக்கினேன். "இப்ப யானை தெரியுதா சார்?" சுருக்கிய சுருக்கில் பாறையும் தெரியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் அக்கா மகன். பெங்களூரில் ஐ.டி. வேலை. ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறாம் நாள் தூங்கி, ஏழாம் நாள் மலை ஏறுகிற இனம். நீங்களும் அந்த இனம்தான், மறைக்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலும் செம்மண் அப்பிய ஷூ ஒன்று காய்ந்துகொண்டுதான் இருக்கும். "மாமா, ரிட்டயர் ஆகிட்டு வீட்லயே உக்காந்திருந்தா முட்டி பிடிச்சுக்கும். உங்களுக்கும் சேர்த்து ஒரு டிரெக்கிங் புக் பண்ணிட்டேன்" என்று போனில் சொன்னான். விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 'பாலைவன மலைகள், மறைந்திருக்கும் பள்ளத்தாக்குகள்: அனுபவமுள்ள வழிகாட்டியுடன் ஒரு நாள்.' பின்னால் செக்கச்செவேலென்று ஒரு மணற்குன்று, அதில் ஒட்டகம் வேறு. ஜெய்சால்மருக்கு ஒரே நாளில் எப்படிப் போய்த் திரும்புவது என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது அடுத்த செய்தி வந்து விழுந்தது: 'கூடும் இடம்: தருமபுரி நான்கு ரோடு, காலை 5.30.'

நான்கு ரோடு என் வீட்டிலிருந்து பால் வாங்கப் போகிற தூரம். ஆக, அந்தப் பாலைவனத்தில்தான் நான் பிறந்து, படித்து, பெண் எடுத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்தால் பாலைவனம் என்பது பள்ளிக்கூடப் பாடம். எங்கள் மாவட்டச் சராசரி சுமார் 850. அந்த 850-ம் ஒழுங்காகப் பெய்கிறதா, பெய்தாலும் ஏரிக்குப் போகிறதா என்பது வேறு வயிற்றெரிச்சல். ஆனாலும் ராகியும் சாமையும் விளைகிற பூமி. புளியும் மாவும் காய்க்கிற பூமி. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை விழுந்து, வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற நாளில் வந்து பாருங்கள். சகாராவில் அப்படி மனம் நொந்து கொட்டுவதற்கு ஒரு கூடை தக்காளி கிடைக்குமா? வறட்சி மாவட்டம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லுங்கள், அரசாங்கமே சொல்லித்தான் நிதி ஒதுக்குகிறது. ஒட்டகம் படம் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதுதான் உறுத்துகிறது.

உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது என் புது ஷூவுக்கு நேர்ந்த கதியைச் சொல்லத்தான். அதற்கு வருகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழிகாட்டியே கூடாது என்கிற முரடன் அல்ல நான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி எத்தனை இளம் பிள்ளைகள் போனார்கள் என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் மலைக்கிராமத்துப் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. நல்ல காரியம். தீ எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் புதரில் கரடி படுத்திருக்கும், எந்தச் சரிவில் சரளை உருளும் என்பதெல்லாம் தெரிந்த ஆள் முன்னால் போவது உயிருக்கு நல்லது. எங்கே கால் வைப்பது என்று அவர் சொல்லட்டும், கைகட்டிக் கேட்கிறேன். எதைப் பார்த்து எதை நினைப்பது என்பதையும் அவரே சொன்னால் எப்படி?

எங்களுக்கு வாய்த்த தம்பி ஓசூரிலிருந்து வந்தவர். நல்ல பையன். தொப்பி, விசில், முதுகில் மூட்டை, மூட்டையில் முதலுதவிப் பெட்டி, எல்லாம் கச்சிதம். அவருக்கு இருந்த ஒரே வியாதி, பாறையைப் பாறையாக விடமாட்டார். யானையோடு நிறுத்தினாரா? இருபதடி தள்ளி ஆமை. ஆமைக்குப் பின்னால் தவளை. ஒரு வளைவு திரும்பியதும் நந்தி. நந்திக்கு எதிரே மல்லாந்து தூங்கும் மனிதன். மூக்கு, தாடை, தொப்பை எல்லாம் உண்டாம். அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்த தாய். கவனித்துப் பாருங்கள், இந்தியாவில் எந்த மலைக்குப் போனாலும் இந்த ஆறேழு பேர்தான். பாறையில் யாரும் கழுதையைக் கண்டதில்லை. எருமை அகப்பட்டதில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் கிளார்க் ஃபைலோடு நிற்பதாக எந்த வழிகாட்டியும் சொன்னதில்லை. மரியாதைப்பட்ட உருவங்களுக்கு மட்டும்தான் பாறையில் இடஒதுக்கீடு.

நானும் குழுவோடு ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு முயற்சி செய்தேன். நந்திக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறை, நிஜமாகவே டில்டிங் கிரைண்டர் மாதிரி இருந்தது. உருளை, சாய்ப்பதற்கான கைப்பிடி, கீழே தாங்கி, அத்தனையும் அச்சு. கண்ணைச் சுருக்காமலே தெரிந்தது. "அதோ, கிரைண்டர்!" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. "சார் ஜோக் அடிக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தம்பி நடந்தார். என் வாழ்நாளில் மலையில் நான் சுயமாகக் கண்டுபிடித்த ஒரே உருவம் அது. அங்கீகாரம் கிடைக்கவில்லை.

இந்தப் பார்வைக் கலையில் சில நிலைகள் உண்டு. முதல் நிலை, கண்ணைச் சுருக்குவது. இரண்டாம் நிலை, தலையைச் சாய்ப்பது. கழுத்துப் பிடிப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பக்கம் யானை கிடையாது. மூன்றாம் நிலை, "இன்னும் ரெண்டடி இடது பக்கம் வாங்க சார்." இடது பக்கம் பள்ளம். யானையைப் பார்ப்பதா, பேரனைப் பார்ப்பதா என்று யோசித்து நான் வலது பக்கமே நின்றுகொண்டேன். நான்காவதுதான் உச்சம். நம் செல்போனை வாங்கி, பாறையைப் படம் எடுத்து, அதன் மேல் விரலால் சிவப்புக் கோடு போட்டுத் தருகிறார்கள். "இது தும்பிக்கை, இது தந்தம், இப்பத் தெரியுதா?" தெரியாமல் என்ன? கோடு போட்டுத் தந்தால் என் வயிற்றிலும் யானை தெரியும்.

தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை என்பது என் சந்தேகம். முதலில் ஒருவர் "வாவ்" என்றார். அவர் சொன்ன பிறகு அடுத்தவருக்குத் தெரியாமல் இருந்தால் அவமானம். மூன்றாவதாக நின்ற அம்மையாருக்கு வெறும் யானை போதவில்லை. "குட்டியும் நிக்குது பாருங்க" என்றார். உடனே எல்லோருக்கும் குட்டி தெரிந்தது. பின்வரிசையில் சென்னைக்காரர் ஒருவருக்குப் பாகன் தெரிந்தான். இன்னும் பத்து நிமிஷம் அங்கே நின்றிருந்தால் அம்பாரி, கொட்டுமேளம், தசரா ஊர்வலம் எல்லாம் வந்திருக்கும். என் அக்கா மகனைப் பார்த்தேன். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை.

யானைச் சாயலில் பாறையே கிடையாது என்று நான் வாதாடவில்லை. மதுரை யானைமலை இருக்கிறது. ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்தால் குழந்தையும் சொல்லும், படுத்திருக்கும் யானை என்று. 2010-இல் அதைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் திரண்டு நின்று மலையைக் காப்பாற்றினார்கள். அது யானை. ஆனால் குன்னூரில் ஒரு டால்பின் மூக்கு, கொடைக்கானலில் ஒரு டால்பின் மூக்கு, விசாகப்பட்டினத்தில் ஒரு டால்பின் மூக்கு. விசாகப்பட்டினத்திலாவது கடல் இருக்கிறது. கொடைக்கானலில் ஆறாயிரம் அடிக்கு மேல் டால்பினுக்கு என்ன ஜோலி? பக்கத்து ஏற்காட்டில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட் என்று பாறைகளுக்குப் பஸ் போல இருக்கை பிரித்துவிட்டார்கள். மூத்த குடிமக்கள் சீட் மட்டும் ஏன் இல்லை என்று கேட்க ஆசை.

மனித மூளையே அப்படித்தான் என்று அக்கா மகன் சமாதானம் சொன்னான். 1976-இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாய்க் கிரகத்தைப் படம் எடுத்தபோது, சைடோனியா என்ற பகுதியில் ஒரு குன்று மனித முகமாகத் தெரிந்ததாம். உலகமே செவ்வாயில் யாரோ முகம் செதுக்கியிருக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டது. 2001-இல் இன்னொரு விண்கலம் துல்லியமாக எடுத்து அனுப்பிய படத்தில் வெறும் மேடு. "பாத்தீங்களா மாமா, அங்கே கைடுகூட இல்ல" என்றான். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. செவ்வாய்க்கு இன்னொரு இயந்திரம் போய் மறுபடி சரியாகப் பார்த்தது அல்லவா? நம் ஆட்கள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஆமைக்குப் போய்விடுகிறார்கள்.

யானை பார்க்கத்தான் ஆசை என்றால், எங்கள் மாவட்டத்தில் கண்ணைச் சுருக்க வேண்டிய அவசியமே கிடையாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் யானை கடக்கும் இடம் என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. மேலகிரி மலைத் தொடரும் காவிரிக் கரையும் அவற்றின் வழித்தடம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர். 2023 மார்ச் மாதம் மாரண்டஹள்ளி பக்கம் வயலில் போட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் தப்பி, அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் தாழ்வாக ஓடிய மின்கம்பி பட்டு இன்னொன்று. தும்பிக்கை எது, காது எது என்று அங்கே யாரும் கோடு போட்டுக் காட்டத் தேவைப்படவில்லை. இதைப் பாறைக்கு முன்னால் நின்றவர்களிடம் சொன்னேன். "அச்சச்சோ" என்றார்கள். குட்டி தெரிந்த அம்மையார் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஷூவைப் பற்றிச் சொல்ல வந்தேன் அல்லவா. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

ஒரு புளியமரத்து நிழலில் உட்காரவைத்தார்கள். டப்பாவில் எலுமிச்சைச் சாதம், ஊறுகாய்ப் பாக்கெட், ஒரு வாழைப்பழம். மரத்தடியில் பாதி மண்ணில் புதைந்து ஒரு பலகைக் கல் சாய்ந்து நின்றது. சென்னைக்காரர் அதில் முதுகைச் சாய்த்து, பையை அதன் தலையில் மாட்டியிருந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. அவரை எழுப்பிப் பார்த்தேன். தேய்ந்துபோயிருந்தாலும் தெளிவாக இருந்தது. ஒரு காலை முன்னால் வைத்து நிற்கிற ஆள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் கத்தி. நடுகல்.

தகடூர் என்று பழைய பெயர் கொண்ட எங்கள் தருமபுரி நாட்டில் இது அதிசயம் இல்லை. ஆடுமாடு கவர வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவன், கவரப் போய்ச் செத்தவன், புலியோடு கட்டிப் புரண்டவன் என்று எத்தனையோ பேர் எங்கள் ஊர் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் கல்லாக நிற்கிறார்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். டவுனில் இருந்துகொண்டே பார்க்காதவர்கள் பட்டியலில் என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர். பக்கத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில், செத்த வீரன் கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம். கள்ளனைக் கடித்து நின்ற நாய்க்கு ஆயிரத்து நானூறு வருஷமாகப் பெயர் நிற்கிறது.

நான் எழுந்து நின்று, என் குரலில் இருந்த மரியாதையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: "இந்தக் கல்லைப் பாருங்க. இதுல ஒரு ஆள் தெரியறார்."

இருபத்துச் சொச்சம் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கண்ணைச் சுருக்கினார்கள். சிலர் தலையைச் சாய்த்தார்கள். கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "எங்க அங்கிள்? வெறும் கல்லுதானே."

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். நாங்கள் மூன்று மணி நேரம் விசில் ஊதி, தண்ணீர் குடித்து, தலை எண்ணி ஏறிய கரட்டை அவர் ரப்பர் செருப்பில், தோளில் தொரட்டியோடு, பீடியை அணைக்காமல் ஏறியிருந்தார். தினமும் ஏறுகிறாராம். அவரையும் இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். நான் கேட்டேன்: "ஏனுங்க, அங்க கீழ இருக்குதே பெரிய பாறை, ஊர்ல அதுக்கு என்ன பேருங்க? யானைப் பாறையா?"

அவர் எட்டிப் பார்த்தார். "யானையா? அது ஒதுக்குக் கல்லுங்க. மழை வந்தா அதுக்கடியில ஆட்டை ஒதுக்குவோம். நாப்பது உருப்படி நிக்கும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆடு வாசம் தடுத்தது. ஒரு கல்லைப் பார்த்தால் அது எதன் சாயல் என்று கேட்காமல், எத்தனை ஆடு நிற்கும் என்று கேட்கிற மனிதர். அவர் சிரித்தார். பல் முழுக்க பழுப்புக் கோடு. எங்கள் ஊர்க்காரர் என்பதற்கு அதைவிட ஆதார் அட்டை வேண்டாம்.

பாறைக்கும் எங்களுக்கும் உள்ள சம்பந்தம் இந்தப் பல்தான். இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு போடப் போட அது தண்ணீரில் கரைந்து வருகிறது. குழந்தையில் குடித்தால் பல்லில் கறை. வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் வலி. இதற்காகத்தான் ஜப்பானிடம் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-இல் தொடங்கிவைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல் முளைத்தால் சந்தோஷம். எங்கள் தலைமுறைக்கு இந்த மலையை அண்ணாந்து பார்க்க அவசியமில்லை, கண்ணாடியைப் பார்த்தால் போதும். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்து என் மாமனார் என்னைக் கண்டிப்பான மாப்பிள்ளை என்று முடிவு செய்து ரொம்ப வருஷம் பயந்திருந்தார். ஃபுளோரைடால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

மத்தியானத்துக்கு மேல் ஒகேனக்கல். விளம்பரத்தில் வந்த 'மறைந்திருக்கும் பள்ளத்தாக்கு' இதுதானாம். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் மறைய இடமிருந்தால் சொல்லுங்கள், நானே போய் மறைந்துகொள்கிறேன். பஸ், வேன், எண்ணெய் மசாஜ், வறுத்த மீன், ஈரத் துண்டோடு ஓடும் குழந்தைகள். நடுவில் தம்பி விசில் ஊதி எங்களைக் கூட்டி, "இதுதான் இந்தியாவின் நயாகரா" என்று அறிவித்தார். சத்தீஸ்கரில் சித்ரகோட் அருவியும் இந்தியாவின் நயாகராதான். கேரளத்து அதிரப்பள்ளியும் இந்தியாவின் நயாகராதான். நயாகராவை இந்தியாவில் இத்தனை முறை பார்த்தாகிவிட்டது, இனி கனடா விசாவுக்குக் காசு கட்டுவது தண்டம். வத்தல்மலைக்குப் போனால் அது தருமபுரியின் ஊட்டி. ஏலகிரி ஏழைகளின் ஊட்டி. ஆந்திராவில் பெண்ணாற்றங்கரைக் கண்டிக்கோட்டை இந்தியாவின் கிராண்ட் கேன்யன். எந்த ஊருக்கும் அந்த ஊராகவே இருக்க உரிமை இல்லை. எல்லாம் எங்கேயோ இருக்கிற ஒன்றுக்குக் கிளை அலுவலகம்.

பரிசலில் ஏற்றினார்கள். கர்நாடகத்தில் மழை பெய்து எல்லையில் பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் வந்தால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் மிதம். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, அதற்கு நடுவே பரிசல் சுழன்று போகும்போது எனக்குச் சத்தியமாகப் பேச்சு வரவில்லை. பரிசல்காரருக்கு வந்தது. "அந்தப் பாறை மேலதான் சார் ஹீரோயின் ஆடினாங்க. இந்த எடத்துலதான் ஹீரோ குதிச்சாரு. டூப்புதான் சார்." ஒவ்வொரு பாறைக்கும் ஒரு படம். அவர் சொன்ன படங்களில் பாதி நான் பார்த்ததில்லை. மீதியில் இந்த இடம் வந்தபோது கடலைமிட்டாய் வாங்க எழுந்து போயிருப்பேன்.

நான் பொறுமை இழந்தது அங்கேதான். ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்று ஒரு வகைப் பாறை இருக்கிறது. பூமிக்கடியில் கார்பனேட் நிறைந்த குழம்பு இறுகி உண்டாவது, உலகில் அபூர்வம். அந்த வகைக் குழம்பை இன்றைக்கும் கக்கிக்கொண்டிருக்கிற எரிமலை ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவில் ஒல் தொய்ன்யோ லெங்காய். ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயதை விஞ்ஞானிகள் சுமார் 240 கோடி வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யானையின் முன்னோர்கள் பூமிக்கு வந்தே ஆறு கோடி வருஷம்தான் ஆகிறது. தம்பியிடம் சொன்னேன்: "தம்பி, பாறை மூத்தது. யானை நேத்து வந்தது. சாயல்னு ஒண்ணு இருந்தா, யானைதான் பாறைச் சாயல்ல பொறந்திருக்கணும். பாட்டனைக் காட்டி இவர் பேரன் ஜாடைன்னு சொல்வாங்களா?"

தம்பி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் வாட்சைப் பார்த்தார். "சார், லைட் போயிடும், குரூப் போட்டோ எடுத்துடலாம்" என்றார்.

ராத்திரி வண்டியில் திரும்பும்போது அக்கா மகன் என்னைச் சமாதானப்படுத்த அமெரிக்காவின் நிஜ கிராண்ட் கேன்யனைக் காட்டினான். அரிசோனாவின் வறண்ட பீடபூமியில் கொலராடோ ஆறு வெட்டியது. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அங்கேயும் வழிகாட்டியோடு ஒரு நாள் நடை உண்டு, அங்கேயும் தொப்பி, அங்கேயும் தண்ணீர் பாட்டில். படத்தில் ஒரு சிகரம் அடுக்கடுக்காக எழும்பி நின்றது. பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷ்ணு கோயில். பக்கத்தில் சிவன் கோயில், பிரம்மா கோயில். 1880-களின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் அந்தக் குன்றைப் பார்த்து இந்துக் கோயில் கோபுரம் என்று கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அந்தப் பெயர் பிடித்துக்கொண்டு, அடியில் கிடக்கும் மிகப் பழைய பாறைக்கும் விஷ்ணு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வழிகாட்டித் தம்பிகளுக்கு ஆதிகுரு அவர்தான். கோயில் கட்டிவிட்டு ஒரு குருக்கள்கூட நியமிக்கவில்லை.

"என் ஆபீஸ் ஃபிரண்ட் ஒருத்தன் போன வருஷம் அங்க போனான் மாமா. நம்ம காரிமங்கலத்துப் பையன்" என்றான் அக்கா மகன்.

"என்ன சொன்னான்?"

"நம்ம ஒகேனக்கல் மாதிரிதான்டா இருக்கு, தண்ணி மட்டும் ரொம்பக் கீழ ஓடுதுன்னான்."

அன்றைக்குக் காலையிலிருந்து நான் கேட்ட பேச்சில் இதுதான் உருப்படியானது. ஒப்பிடுவதென்றால் இப்படி ஒப்பிட வேண்டும். கடல் கடந்து போய், ஐந்நூறு டாலரோ என்னவோ செலவழித்து, உலக அதிசயத்தின் விளிம்பில் நின்று, நம் ஊர்ச் சாயல் என்று மதிப்பெண் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பையன் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு அழைத்து வா, சாப்பாடு போடுகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொன்னான் என்று ஆவலாகக் கேட்டேன்.

"அங்க ஆத்தங்கரையில மீன் வறுத்துத் தர ஆளில்லையாம்."

அப்புறம் அதெல்லாம் என்ன பெரிய கிராண்ட் கேன்யன்.